பொன்னுக்கு வீங்கியும் மூன்று ஓலைகளும்

எனக்கு இன்னும் நாற்பது நாளில் கல்யாணம் என்கிற நேரம் பார்த்துத்தான் எங்கள் செக்காலைப் பகுதிப் பிள்ளைகளுக்கெல்லாம் கன்னம் வீங்கத் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். பொங்கல் முடிந்த சமயம். முதலில் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் என்றார்கள். அப்புறம் ஒரு வகுப்பு என்றார்கள். பத்தே நாளில், காதடியிலிருந்து தாடை வரைக்கும் உப்பிப்போய், வாயைத் திறக்க முடியாமல் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்து அழுகிற பிள்ளை இல்லாத தெருவே இல்லை என்றாகிவிட்டது.

எங்கள் பக்கம் இதற்குப் பொன்னுக்கு வீங்கி என்று பேர். பொன்னைக் கேட்டு வீங்குகிறதாம். கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டால் ஆசை தீர்ந்து வற்றிவிடுமாம். இந்து வீடு, எங்களை மாதிரி வேதக்கார வீடு, முஸ்லிம் வீடு, எல்லா வீட்டிலும் இதே வைத்தியம்தான். ஒரு வாரத்தில் அது தானாகவே வற்றும். பேர் மட்டும் சங்கிலிக்குப் போகும்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. தபால்காரன் வேலை. எங்கள் ஆபீசில் என்னைவிடப் பன்னிரண்டு வருடம் மூத்த தபால்காரர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் ஒருநாள் காலையில் தபால் பிரித்துக்கொண்டிருக்கும்போது வெடிகுண்டைப் போட்டார்.

"ஏன் தம்பி, உனக்குச் சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துருச்சா?"

"தெரியலைண்ணே. ஏன்?"

"அம்மாகிட்டக் கேட்டுக்க. சின்னப் பிள்ளைக்கு வந்தாக் கன்னத்தோட போயிரும். கல்யாண வயசுல வந்தாக் கீழ எறங்கிரும். அப்புறம் பிள்ளை குட்டிங்கிற பேச்சே கிடையாது. எங்க ஊர்ல ஒருத்தரு இப்படித்தான்..."

அந்த ஒருத்தருடைய கதையை அவர் முடிக்கும்வரை நான் அங்கே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அம்மா வாசலில் மீன்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டேன். "உனக்கு அம்மை வந்துச்சு, மஞ்சக்காமாலை வந்துச்சு, இது மட்டும் வரலைய்யா. மாதா காப்பாத்திட்டா" என்றாள். அவளுக்கு அது பெருமை. எனக்கு அதுவே பயம்.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்குப் பார்த்திருந்த பெண் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் மனசுக்குள் கூப்பிட்டதும் டீச்சர் என்றுதான், இன்றைக்கும் அதே பேர்தான். முந்தின வருடமே நடக்க வேண்டிய கல்யாணம். தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் அப்பா இறந்துபோனார். ஒரு வருடம் தள்ளிப்போனது. இப்போது விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முந்தி, ஒரு திங்கட்கிழமை, தேதி குறித்திருந்தோம். புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் முடிகிறவரை கோவிலில் கல்யாணம் கிடையாது. அவள் அண்ணன் பட்டாளத்திலிருந்து இதற்காகவே லீவில் வந்திருந்தார். அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. இவ்வளவுக்கும் மேலே, அவள் அம்மா எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்லிப் போயிருந்தார்: "ரெண்டாம் தடவையும் தள்ளிப்போச்சுன்னா இது ஆண்டவருக்குப் பிரியமில்லாத சம்பந்தம்னு எடுத்துக்குவோம். மூணாவது தேதி கிடையாது."

ஆக, என் கன்னம் வீங்கினால் கல்யாணம் போச்சு. அண்ணன் சொன்னது மாதிரி கீழே இறங்கினால் எல்லாமே போச்சு. மிச்சமிருக்கிற ஒரு மாதம் ஒருவர் மூச்சும் என் மேல் படாமல் இருந்துவிட்டால் தப்பித்தேன். ஆனால் என் வேலையோ தினமும் இருநூறு வீட்டு வாசலில் போய் நிற்கிறது. லீவு கேட்டேன். "கல்யாணத்துக்குப் பத்து நாள் குடுக்கிறதே பெருசு" என்று போஸ்ட் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சரி, வெளியில் நின்றே வேலை பார்ப்போம் என்று முடிவு செய்தேன். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கைக்குட்டையைக் கட்டினேன். வாசலுக்கு இருபதடி தள்ளியே சைக்கிளை நிறுத்தி மணியடித்தேன். படியேறவே இல்லை. சாதாரணத் தபாலைப் படியில் வைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். ரிஜிஸ்தர் என்றால் கையெழுத்துப் போடும் தாளையும் அப்படியே வைத்துவிட்டு, "உங்க வீட்டுப் பேனாவுல போடுங்க" என்று தெருவிலிருந்து கத்தினேன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று மண்ணைக் கிள்ளித் தூவிப் பார்த்து, அந்தப் பக்கமாகவே நின்றேன். டீக்கடைக் கிளாஸைத் தொடுவதில்லை. வீட்டிலிருந்தே தூக்கில் கொண்டுபோன காப்பியை ஆளில்லாத ஊருணிக் கரையில் நின்று குடித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒரு சிரிப்பும் வரவில்லை.

பெரிய வீட்டு ஆச்சி ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. முகப்பில் நின்று, "ஏன்ப்பா போஸ்ட்மேன், எங்க வீட்டுப் படி என்ன கடிக்குமா?" என்றார்.

"இல்லை ஆச்சி, கல்யாணம் வச்சிருக்கேன்."

"கல்யாணம் வச்சிருந்தாப் படியேறக் கூடாதா? அது எந்த ஊரு வழக்கம்?"

பொன்னுக்கு வீங்கிக்குப் பயந்துதான் என்று சொன்னேன். ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மறுநாள் போனபோது அடிப்படியில் ஓலைக் கொட்டான் ஒன்று, பனையோலையில் பின்னின சின்னக் கூடை, இருந்தது. "மாப்பிள்ளை, அதுல போட்டுட்டு ஓடிரு" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஒரு வாரத்தில் அந்தத் தெருவில் ஏழு வீட்டு வாசலில் தபாலுக்குக் கொட்டான் வந்துவிட்டது. தெருவே என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கியது. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முந்தி மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். மாப்பிள்ளை முன் வரிசையில் வெட்கத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலுக்குள்ளேயே போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில், சைக்கிள்களுக்கு நடுவில் நின்று, ஒலிபெருக்கியில் என் பேரைக் கேட்டேன். 'தடை' என்ற சொல் வந்தபோது ஒரு சின்னப் பிள்ளை தும்மும் சத்தம் அதே ஒலிபெருக்கியில் கேட்டது. கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து, அம்மா வைத்த கறிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, மத்தியானம் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். இந்தத் தூக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் ஓலையும் மரத்தடியிலேயே முடிந்தது. அதற்கு மறுநாள் ஒரு லைன் வீட்டு வாசலில், தபாலை வைக்கக் குனியும்போதே ஒரு அம்மா பாய்ந்து வந்தார்.

"அங்கேயே நில்லுங்க! வீடு வீடாப் போற ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தருதான். எம் பிள்ளைக்கு நீங்கதான் கொண்டாந்து குடுத்தீக!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யாரைப் பார்த்து யார் சொல்வது! கைக்குட்டை கட்டி, காற்றுப் பார்த்து நின்று, காப்பியைக்கூட ஊருணிக் கரையில் குடிக்கிறவன் நான். "நான் உங்க பிள்ளைக்குப் பயந்து ஓடுறேன், நீங்க என்னைச் சொல்றீகளா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்தேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. அது நிஜமாக இருந்தால்?

அன்று சாயங்காலம் ஒரு பழைய மணியார்டர் பாரத்தை எடுத்து, அதன் பின்பக்கம் எழுத உட்கார்ந்தேன். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கிழமை வீங்கியது என்று எனக்குத் தெரியும். தபால்காரனுக்குத் தெரியாமல் தெருவில் என்ன நடக்கும்? வரிசையாக எழுதினேன். நான் போகிற வழி தெற்குக் கோடியில் தொடங்கி வீடு வீடாக வடக்கே போகும். வீக்கம் அப்படிப் போகவில்லை. வடக்குக் கோடியில் ஒரு வீடு, அடுத்த தெருவில் ஒன்று, ரேஷன் கடைப் பக்கம் ஒன்று, மறுபடி எங்கள் தெரு என்று தாவித் தாவிப் போயிருந்தது. என் சைக்கிள் அப்படிப் போகாது. அப்பாடா, நான் இல்லை. அப்படியானால் யார்? யாரோ ஒரு ஆள் இந்த வீடுகளுக்கு மட்டும் தேடிப் போயிருக்க வேண்டும். யாரென்று மண்டையை உடைத்துக்கொண்டும் விளங்கவில்லை.

புதன்கிழமை விளங்கியது. ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலில் நாலு வயதுப் பெண்பிள்ளை, இரண்டு கன்னமும் வீங்கி, படியில் தனியாக உட்கார்ந்திருந்தது. கழுத்தில் ஒரு சங்கிலி. அதில் தொங்கிய சிலுவையை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தபோது சிலுவை வெளியே விழுந்தது. நடுவில் ஒரு சிவப்புக் கல், கொஞ்சம் கோணலாக. அந்தக் கோணலுக்காக ஆசாரியிடம் சண்டை போட்டவன் நானேதான். டீச்சருக்குப் போடுவதற்காக நாங்கள் செய்து வைத்திருந்த சங்கிலி அது.

தபால் பையை அப்படியே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "அம்மா, செயின் எங்க?"

"பாலிஷுக்குக் குடுத்துருக்கேன்யா."

"பாலிஷ் ரேஷன் கடைக்குப் பின்னாடி நடக்குதா?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். ஆனாலும் அசரவில்லை. "ஆமா, குடுத்தேன். இப்ப என்ன? பாதி வீட்டுல தங்கம்னா தாலிதான் இருக்கு. அதைக் கழட்டிப் பிள்ளைக்குப் போட முடியுமா? இது புதுச் செயினு, சாமியார் மந்திரிச்ச சிலுவை. முதல்ல எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் போட்டேன், நாலே நாள்ல வத்திப் போச்சு. அப்புறம் அங்குட்டும் இங்குட்டும் கேட்டு வந்தாக. பிள்ளைக தவிக்கையில இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

"நீயே கொண்டுபோய்ப் போட்டியா?"

"பின்ன? பக்கத்துல உக்காந்து, கன்னத்தைத் தடவி, ஒரு ஜெபம் சொல்லிப் போட்டுட்டு வந்தேன். அது வத்துனதும் கழட்டி அடுத்த வீட்டுக்கு."

எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போனாள் என்று அவள் சொல்லச் சொல்ல, என் பாரத்தின் பின்பக்கம் எழுதியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. சங்கிலி ஒரு வீட்டுக்குப் போன பிறகுதான் அதன் அக்கம்பக்கத்தில் வீங்கியிருந்தது. ஊரெல்லாம் தேடிய ஆள் என் வீட்டு அடுப்படியில் நிற்கிறாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றுவிட்டது. "நான் நாய் மாதிரி தெருவுல நின்னு வேலை பார்க்கிறேன், நீ அத்தனை பிள்ளையையும் கொஞ்சிட்டு வந்து எனக்குச் சோறு போடுறியா!"

அம்மாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "உனக்கு வரக் கூடாதுன்னு நான் படாத பாடு பட்டா, என்னையே வையிறியா? முதல் ஓலை அன்னைக்கு மத்தியானம் நீ தூங்கயில அந்தச் செயினைத்தான்யா உன் கழுத்துல போட்டு வச்சிருந்தேன். நீ முழிக்கு முன்னாடி எடுத்துட்டேன். முன்கூட்டியே போட்டுட்டா வராதாம்!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "தங்கத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எச்சில்ல, தும்மல்ல, கிட்ட உக்காந்து பேசுறதுல பரவுது. எச்சில் காயாத சங்கிலின்னா அதுவும்தான். உங்களுக்கு ஒட்டியிருந்தா ரெண்டு மூணு வாரத்துல தெரியும்" என்றார். பிள்ளை பிறக்காது என்பதைப் பற்றித் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அப்படி ஆவது அபூர்வம், ஆனால் ஆகவே ஆகாது என்று எழுதித் தர முடியாது என்றார். "ஒரு தடவை வந்துருச்சுன்னா மறுபடி வராது. சின்ன வயசுல வந்ததில்லைன்னு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார். அம்மா மாதாவையே சாட்சிக்கு இழுத்ததைச் சொன்னேன்.

விரல் விட்டு எண்ணினேன். முதல் ஓலை ஞாயிறிலிருந்து மூன்று வாரம் சரியாகக் கல்யாணத்துக்கு முந்தின நாள் முடிகிறது.

இதை டீச்சரிடம் மறைக்கக் கூடாது என்று அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு செய்தேன். ஒருவேளை பிள்ளையே பிறக்காது என்கிற சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டு எப்படி ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவது? தபாலில் எழுதலாம். ஆனால் அவள் அம்மா பிரித்துப் படித்தால் கதை கந்தல். பஸ்ஸில் கூட்டம். அரை நாள் லீவு போட்டுவிட்டு, வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்துக்கே போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெளிச்சுவருக்கு இந்தப் பக்கம் தெருவில் நின்று மணியடித்தேன். பிள்ளைகள் ஓடிவந்து, "டீச்சர், உங்க மாப்பிள்ளை!" என்று கூவினார்கள். அதில் பாதிப் பேருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. பத்தடி பின்னால் பாய்ந்தேன்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னங்க, இந்த வெயில்ல? உள்ள வாங்க."

"கிட்ட வராதீக!" என்று கத்தினேன். பாவம், பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள்.

அப்போதுதான் என் மடத்தனம் எனக்கு உறைத்தது. தள்ளி நின்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய விஷயமோ நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கத்துகிற விஷயமில்லை. பையில் ஒரு போஸ்ட்கார்டு இருந்தது. சைக்கிள் சீட்டிலேயே வைத்து எல்லாவற்றையும் எழுதினேன். சங்கிலி, தூக்கம், டாக்டர் சொன்னது, பிள்ளை விஷயம். கடைசியில், 'நீங்கள் வேண்டாம் என்றால் நான் வருத்தப்பட மாட்டேன்' என்று பச்சைப் பொய் ஒன்றையும் எழுதி, சுவர் மேல் வைத்து, கல்லை வைத்துவிட்டு, மறுபடி பத்தடி தள்ளிப்போனேன்.

டீச்சர் வந்து எடுத்தாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நோட்டுத் திருத்துகிற சிவப்புப் பேனா அவள் கையிலேயே இருந்தது. மிச்சமிருந்த இடத்தில் ஏதோ எழுதி, அதே கல்லை வைத்துவிட்டு, அவளும் பத்தடி தள்ளிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் போய் எடுத்தேன். 'எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அதனால் என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்களுக்கு வீங்கினால் வீங்கின கன்னத்தோடு வாருங்கள். பிள்ளை இல்லாவிட்டால் இல்லை. என்னிடம் முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.'

நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்: "தாலி கட்டக் கைதானங்க வேணும்? கன்னமா வேணும்?" பிள்ளைகள் என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்கள். திரும்பி வரும்போது கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வெயில் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பெண்ணைக் கட்டாமல் எனக்கு வாழ்வில்லை என்று ஆகிவிட்டது. பயம் குறைய வேண்டிய இடத்தில் இரண்டு மடங்கானது.

அடுத்த பத்து நாளும் காலையில் எழுந்ததும் முதல் வேலை கண்ணாடியில் தாடையைப் பார்ப்பது. அம்மாவோடு பேச்சு வார்த்தை இல்லை. அவள் தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப்போவாள், நான் வந்து எடுத்துக்கொள்வேன். மூன்றாம் ஓலையும் மரத்தடியில் முடிந்தது. ஒன்றும் வீங்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கல்யாணத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வலது தாடை விண்ணென்று வலித்தது.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நான் யாரிடமும் சொல்லாமல் கொல்லைப்புறத்துக்குப் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முப்பத்தொரு வயதுக்காரன், விக்கி விக்கி. அன்று விடியற்காலை திருச்சியிலிருந்து வந்திறங்கிய என் அத்தை, அப்பாவின் தங்கச்சி, பல் விளக்க அங்கே வந்தார்.

"டேய், மாப்பிள்ளை, என்னடா மூஞ்சி?"

"கிட்ட வராதீக அத்தை. எனக்குப் பொன்னுக்கு வீங்கி."

அத்தை வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "கிறுக்குப் பயலே. உனக்குத்தான் மூணு வயசுலயே வந்து போயிருச்சே."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று இருந்தது.

"உங்கம்மா உன் தங்கச்சியைப் பெத்து ஆஸ்பத்திரியில கிடந்தா. உன்னை நாந்தான் எங்க வீட்டுல வச்சிருந்தேன். ரெண்டு கன்னமும் பணியாரமா வீங்கி, ராவும் பகலும் என் தோளுலயே கிடந்த. செயினுக்கு எங்க போறது? என் மோதிரத்தை நூல்ல கோத்துப் போட்டேன். பச்சை உடம்புக்காரி பதறுவா, சொல்ல வேணாம்னு அண்ணன் சொல்லிட்டாக. அப்புறம் சொல்றதுக்கு மறந்தே போச்சு. எங்க, வாயைத் திற." விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். "கடைவாயில ஞானப்பல்லுடா! கல்யாணத்துக்கு முந்தின நாள் முளைக்குதாக்கும்! வந்த வரைக்கும் லாபம்."

போன உயிர் திரும்பி வந்தது. அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன், இந்தத் தடவை சத்தமாக. அம்மா ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, முதலில் மாதாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இருபத்தெட்டு வருஷமா எங்கிட்ட ஒருத்தரும் வாயைத் திறக்கலையே!" என்று அத்தையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சண்டை போடட்டும் என்று விட்டுவிட்டு, பல்வலியோடு செக்காலை ரோட்டுக்குப் போனேன். நேரே டீக்கடைக்குள் நுழைந்து, பெஞ்சில் நாலு பேருக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்து, கடைக் கிளாஸில் இரண்டு டீ குடித்தேன். அந்த மாதிரி ஒரு டீயை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை. சாயங்காலம் கோவிலுக்குள் போய்க் கூட்டத்தோடு முட்டி போட்டேன். பக்கத்திலிருந்த பிள்ளை என் சட்டையில் தும்மியது. தும்மிக்கொள்ளட்டும், பாவம்.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. ஒரு மாதப் பழக்கத்தில் பீடத்துக்கு முன்னால் நான் என்னை அறியாமலே டீச்சரை விட்டு இரண்டு முழம் தள்ளி நின்றிருக்கிறேன். சாமியார் குனிந்து, "மாப்பிள்ளை, அங்குட்டு நின்னாத் தாலி எட்டாது" என்றார். கோவிலே சிரித்தது. கிட்டப் போய்க் கட்டினேன்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில் டீச்சர், "தாடை வலிக்குதுங்க" என்றாள். "உனக்கும் ஞானப்பல்லா?" என்று கேலி பண்ணிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் இடது கன்னம் காதடியிலிருந்து உப்பியிருக்கிறது. காய்ச்சல் கொதிக்கிறது. வாயைத் திறக்க முடியவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். "உனக்குத்தான் சின்ன வயசுலயே வந்துருச்சுன்னு எழுதுனயே?"

டீச்சர் முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடினாள். நான் மறுபடி கேட்டேன். அப்புறம்தான், பாதி வாயால், மெதுவாகச் சொன்னாள்:

"வந்ததில்லைன்னு எழுதுனா, எனக்கு ஒட்டிரும்னு நீங்க தேதியைத் தள்ளிருப்பீக. இன்னொரு வருஷம் காத்துக்கிட்டு உக்கார என்னால முடியாதுங்க."

அவ்வளவு நாளும் என் பயத்தை மட்டுமே தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறேன். இவள் தினமும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில், எந்தத் தடுப்பும் இல்லாமல் நின்று, வீங்கினால் கல்யாணம் போய்விடும் என்று தெரிந்தும், சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. வீங்குவதற்கு ஐந்து நாள் பொறுத்துக்கொண்ட அந்தக் கன்னத்தைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

அம்மா கஞ்சியைக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் தள்ளிப்போய் நின்றாள். நான் போய் எடுத்துக்கொண்டேன்.

"நாற்காலியை அங்குட்டுப் போட்டு உக்காருங்க. ஒட்டிக்கும்" என்றாள் டீச்சர்.

"எனக்கு ஒட்டாது. மூணு வயசுலயே வந்துருச்சு" என்றேன்.

வீங்கின கன்னத்தோடு என்னை முறைத்தாள். "நெசமாவா, இல்லை நான் எழுதுன மாதிரியா?"

அத்தை சொன்ன கதை முழுவதையும் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டே கட்டிலில் அவளை ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு கரண்டியாகக் கஞ்சியை ஊட்டினேன்.